பழுதென்று பிரிக்கப்பட்ட வெளிப்புற டிவிடி டிரைவ்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் நான் நடத்திவரும் கணினிப் பழுதுபார்ப்புக் கடையில், ஆனி மாதக் கடைசியில் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை நீண்ட ஒரு வேலையின் பதிவு இது. வெளிப்புற டிவிடி டிரைவ் ஒன்றை உதிரிப் பாகங்களுக்காகப் பிரித்தோம். பிரித்த பிறகுதான் அது பழுதான டிரைவே அல்ல என்பது தெரிந்தது. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, அதிலிருந்து எவ்வளவு மீட்க முடிந்தது, எந்தப் பாகம் எதற்குப் பயன்பட்டது, எந்தப் பாகத்தை வேண்டுமென்றே தொடாமல் விட்டோம் என்பதையெல்லாம், இதே தொழிலில் இருப்பவர்களுக்கும் வீட்டில் பழைய டிரைவைத் திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

சோழவந்தான் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். அவர் கையில் ஐந்து டிவிடிக்களும் ஒரு வெளிப்புற டிவிடி ரைட்டரும் இருந்தன. மூன்று டிஸ்க்குகள் 2008-இல் நடந்த அவருடைய மகளின் திருமணம். மற்ற இரண்டும் காலமான அவருடைய கணவரின் பணி நிறைவுப் பாராட்டு விழா. அந்தக் காலத்தில் வீடியோ எடுத்தவர்கள் ஆல்பத்தோடு சேர்த்துக் கொடுத்த, கணினியில் பதிவுசெய்யப்பட்ட டிஸ்க்குகள் அவை. வீட்டிலிருந்த டிவிடி பிளேயர் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. இப்படி ஒரு பையோடு வருபவர்கள் மாதத்தில் இரண்டு மூன்று பேராவது எங்கள் கடைக்கு உண்டு.

டிஸ்க்கைப் போட்டால் சுற்றும் சத்தம் கேட்கிறது, சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது, விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, கணினியில் எதுவும் தெரிவதில்லை என்று அவர் சொன்னார். பிறகு, "தம்பி, இது போயிருச்சு. உங்களுக்கு ஏதாச்சும் ஆகும்னா நீங்களே வச்சுக்கங்க. டிஸ்க்கை மட்டும் பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்தாப் போதும்" என்றார். நான் வரவு நோட்டில் "டிரைவ் பழுது, உதிரிக்கு" என்று எழுதிக்கொண்டேன். அவர் சொன்ன அறிகுறிகளை எழுதவில்லை. அவர் எடுத்த முடிவை மட்டும் எழுதினேன். இந்த நிகழ்வில் நடந்த முதல் பிழை அந்த ஒரு வரிதான், அது என்னுடையது.

அவர் கொண்டுவந்த கேபிளும் அப்போதே என் கண்ணில் பட்டது. இவ்வகை டிரைவ்கள் பலவற்றோடு வரும் கேபிளில் கணினிப் பக்கம் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று தரவுக்கும் மின்சாரத்துக்கும், மற்றொன்று கூடுதல் மின்சாரத்துக்கு மட்டும். அவரிடம் இருந்ததோ ஒற்றை முனை கொண்ட மெல்லிய, நீளமான கேபிள். பழைய டிஜிட்டல் கேமராவோடு வந்ததாக இருக்க வேண்டும். பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

முதல் மாலை: பிரிப்பு

கடையில் மாலை வேளைகளில் வேலை பழகும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் திருமங்கலத்திலிருந்து வருகிறார். இறுதியாண்டுத் திட்டமாக, புள்ளிக் கோலத்தைத் தாளில் வரையும் சிறு இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அதற்கு இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள், அதாவது படிப்படியாக அளவோடு திரும்பும் மோட்டார்கள், தேவை. கடையிலிருந்த பழைய மேசைக் கணினி டிரைவிலிருந்து ஒன்றை ஏற்கெனவே எடுத்துவிட்டார். இந்த டிரைவைப் பார்த்ததும், "அண்ணே, இதைப் பிரிச்சு மோட்டாரை எடுத்துக்கவா?" என்று கேட்டார். நான் வேறொரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே சரி என்றேன். சோதித்துப் பார்த்தாயா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

பிரிப்பு வேலை அளவில் அவர் செய்தது பிசகில்லாதது. அடிப்பக்க ரப்பர் கால்களுக்குக் கீழே ஒளிந்திருந்த திருகுகளைக் கழற்றி, மேல் கீழ் பிளாஸ்டிக் ஓடுகளின் கொக்கிகளைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் நெம்பி விடுவித்தார். இரும்புத் திருப்புளியால் நெம்பினால் ஓடு விளிம்பில் உடையும்; அட்டைதான் நல்லது. உள்ளே இருந்தது, மடிக்கணினிகளில் பொருத்தப்படும் அதே 12.7 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய டிரைவ். அதன் பின்புறத்தில் விரல் அகலச் சிறு போர்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. யூ.எஸ்.பி. வழியாக வருவதை டிரைவ் புரிந்துகொள்ளும் சாட்டா முறைக்கு மாற்றித் தருவது அந்தப் போர்டுதான். கடைகளில் இதைக் கன்வெர்ட்டர் போர்டு என்போம். ஆக, வெளிப்புற டிரைவ் என்று நாம் ஒரே பொருளாகச் சொல்வது உண்மையில் டிரைவ், போர்டு, கேபிள் என்ற மூன்று தனித்தனிப் பொருள்கள். எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். பிற்காலத்தில் வந்த சில மிக மெல்லிய டிரைவ்களில் யூ.எஸ்.பி. இணைப்பு டிரைவின் சொந்தப் போர்டிலேயே இருக்கிறது; அவற்றில் பிரித்தெடுக்கத் தனிப் போர்டு கிடையாது. இது அந்த வகை அல்ல.

மின்சாரம் இல்லாதபோது டிரேயைத் திறக்க, முகப்பிலுள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய குண்டூசியையோ காகிதக் கிளிப்பையோ நுழைத்துத் தள்ளினால் பூட்டு விடுபடும். மெல்லிய டிரைவ்களில் டிஸ்க்கைச் சுற்றும் சுழல் மோட்டாரும், அதை லேசரால் படிக்கும் லென்ஸ் தொகுதியும் டிரேயோடு சேர்ந்தே வெளியே வருகின்றன. அடித்தகட்டைக் கழற்றியவுடன் டிரேயிலிருந்து முதன்மைப் போர்டுக்கு வளைந்து செல்லும் தட்டைக் கேபிள் தெரியும். அதன் இணைப்பியில் ஒரு சிறு தாழ்ப்பாள் உண்டு. அதை நகத்தால் தூக்கிய பிறகே கேபிளை இழுக்க வேண்டும். மாணவர் இங்கே அவசரப்பட்டார். கேபிளின் ஓரம் கிழிந்தது. உதிரிக்காகத்தானே என்ற எண்ணம் கையில் இருந்ததால் அது பெரிதாகத் தோன்றவில்லை. தொடர்ந்து, லென்ஸ் தொகுதி நகரும் இரண்டு எஃகுத் தண்டுகளையும் உருவினார். லென்ஸின் இருபுறமும் இருந்த சிறு நியோடிமியம் காந்தங்களையும் நெம்பி எடுத்தார். லென்ஸ் என்பது முடியளவு மெல்லிய சில கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும் பொருள். காந்தத்தை நெம்பியதில் அந்தக் கம்பிகள் வளைந்தன. தண்டுகளின் சாய்வு தொழிற்சாலையில் நுட்பமாகச் சரிசெய்யப்பட்டு, அந்த நிலையிலேயே பூட்டப்பட்டது. ஒருமுறை உருவிவிட்டால் மேசை மேல் அதை மீட்க வழியில்லை. அந்த மாலை எட்டு மணிக்கு அந்த டிரைவ், திரும்பச் சேர்க்க முடியாத நிலையை அடைந்துவிட்டது.

மறுநாள்: கன்வெர்ட்டர் போர்டைச் சோதித்தபோது

மடிக்கணினி ஹார்டு டிஸ்க்குகளைச் சோதிக்க அந்தப் போர்டைப் பயன்படுத்தலாமா என்று மறுநாள் காலை பார்த்தேன். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மெல்லிய டிரைவ்களுக்கான சாட்டா இணைப்பில் தரவுக்கு 7, மின்சாரத்துக்கு 6, ஆக மொத்தம் 13 ஊசிகள். ஹார்டு டிஸ்க்கில் தரவுக்கு அதே 7 இருந்தாலும், மின்சாரத்துக்கு 15 இருக்கும். எனவே இடையில் ஒரு மாற்றி தேவை. மெல்லிய டிரைவ் 5 வோல்ட்டில் மட்டும் இயங்குவது, 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கும் அது போதும். மேசைக் கணினியின் பெரிய ஹார்டு டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும்; அதற்கு இந்தப் போர்டு எந்நாளும் உதவாது. அதோடு சில போர்டுகள் டிவிடி டிரைவை மட்டுமே அடையாளம் காணும்படி அமைந்தவை; ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் கணினி கண்டுகொள்ளாது. எங்களிடம் வந்தது அந்த வகையாகவே இருந்தது.

ஹார்டு டிஸ்க்கைக் கண்டுகொள்ளவில்லை என்றதும் போர்டே கெட்டதோ என்று சந்தேகித்து, கடையில் கழற்றி வைத்திருந்த, நன்றாக இயங்கும் என்று எனக்குத் தெரிந்த ஒரு மடிக்கணினி டிவிடி டிரைவை அதில் செருகி, ஆசிரியையின் கேபிளைக் கொண்டே கணினியில் இணைத்தேன். அவர் வர்ணித்த அதே அறிகுறிகள் அப்படியே வந்தன: டிஸ்க் சுற்றத் தொடங்கியது, நின்றது, விளக்கு மினுக்கியது. நல்ல டிரைவ் ஒன்று கெட்ட டிரைவைப் போல நடந்துகொண்டது. அப்போதுதான் அந்தக் கேபிளை முதல்முறையாகக் கையில் எடுத்து உண்மையாகவே பார்த்தேன்.

மேசை அறையிலிருந்த இரட்டை முனைக் கேபிள் ஒன்றை மாற்றி இணைத்தேன். டிரைவ் உடனே இயங்கியது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் காட்டும் யூ.எஸ்.பி. மீட்டரை இடையில் வைத்துப் பார்த்தபோது காரணம் தெளிவாயிற்று. கணினியின் யூ.எஸ்.பி. 2.0 செருகுமிடம் தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர் மட்டுமே. மெல்லிய டிரைவ் டிஸ்க்கைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பிரித்த டிரைவின் மேல் ஒட்டப்பட்ட லேபிளிலேயே 5 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருந்தது. மெல்லிய, நீளமான ஒற்றைக் கேபிளில் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் 4.3 வோல்ட் வரை இறங்கியது. டிரைவ் மயங்கி நின்று, மீண்டும் தொடங்கி, மீண்டும் நின்றது. பழைய இரட்டை முனைக் கேபிள் வீட்டில் தொலைந்துபோன நாளிலிருந்து அந்த டிரைவ் "பழுதாகி" இருக்கிறது. பின்னர் ஆசிரியையிடம் விசாரித்ததில், வீட்டை வெள்ளையடித்தபோது கேபிள் காணாமல் போனதும், பேரன் வேறொரு கேபிளைத் தேடிக் கொடுத்ததும் தெரியவந்தன.

அவருடைய டிரைவில் வேறு கோளாறும் இருந்திருக்கலாம் அல்லவா என்று மாணவர் கேட்டார். இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சோதிக்கும் வாய்ப்பை நாங்களே அழித்துவிட்டோம் என்பதே அதற்கான பதில்.

ஐந்தாவது டிஸ்க்

கடையின் மேசைக் கணினி டிரைவில் நான்கு டிஸ்க்குகளைச் சிரமமின்றிப் படிக்க முடிந்தது. ஐந்தாவது, பாராட்டு விழாவின் இரண்டாம் டிஸ்க், முக்கால் பங்குக்கு மேல் போனதும் திணறியது. டிவிடி உள் வளையத்திலிருந்து வெளி விளிம்பை நோக்கிப் பதிவாகும் பொருள். விழாவின் முடிவு டிஸ்க்கின் விளிம்பில் இருக்கிறது. நம் ஊர்ப் பாராட்டு விழாக்களில் வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வருவது விழா நாயகரின் ஏற்புரை. எடுப்பவர்களின் விரல் படுவதும், உறையில் உரசுவதும், வெயிலும் வெப்பமும் முதலில் தாக்குவதும் அந்த விளிம்பைத்தான். ஆக, அந்த டிஸ்க்கில் எது போகக் கூடாதோ அதுவே போகும் நிலையில் இருந்தது. இந்த டிஸ்க் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் டிரைவில் கடைசி வரை ஓடியது என்று ஆசிரியை தொலைபேசியில் சொன்னபோது, பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

மங்கிப்போன டிஸ்க்கை ஒரு டிரைவ் படிக்காவிட்டாலும் இன்னொரு டிரைவ் படிக்கும் என்பது தொழிலில் இருப்பவர்கள் அறிந்தது. லென்ஸ், லேசரின் வலிமை, பிழை திருத்தும் திறன் எல்லாம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுகின்றன. ஆகவே இரண்டாவது டிரைவ் ஒன்று தேவைப்பட்டது. கன்வெர்ட்டர் போர்டைச் சோதிக்கப் பயன்பட்ட அந்த மடிக்கணினி டிரைவையே ஆசிரியையின் டிரைவ் கூட்டுக்குள், அதாவது வெளி ஓட்டுக்குள், பொருத்துவது என்று முடிவு செய்தோம். இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டிஸ்க்கைப் படிக்க வேண்டும். மற்றொன்று, நாங்கள் பிரித்துவிட்ட பொருளுக்குப் பதிலாக இயங்கும் ஒன்றை அவரிடம் திருப்பித் தர வேண்டும்.

பொருத்தும் வேலை நினைத்ததைவிட நேரம் எடுத்தது. பின்புற இணைப்பி அப்படியே செருகிக்கொண்டது. அது எல்லாத் தயாரிப்புகளுக்கும் பொதுவானது. முகப்புப் பட்டைதான் பொருந்தவில்லை. பழைய டிரைவின் பட்டையிலிருந்த கொக்கிகளும் புதிய டிரைவின் துளைகளும் வெவ்வேறு இடங்களில் இருந்தன. திறக்கும் பொத்தானும் அரை விரல் அளவு தள்ளியிருந்தது. மடிக்கணினியோடு வந்த பட்டையையே வைத்து, அதன் சாய்ந்த கீழ் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்தோம். பக்கவாட்டில் ஒரு மெல்லிய இடைவெளி இன்னமும் தெரிகிறது. ஆடிக் காற்றில் மதுரைத் தெருக்களில் எழும் புழுதி அந்த இடைவெளி வழியே லென்ஸில் படியும் என்பதால், உட்புறம் மெல்லிய பஞ்சுப் பட்டை ஒன்றை ஒட்டினேன்.

டிஸ்க்கை முதலில் துடைத்தோம். மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. குறுக்கே விழும் கீறலைப் பிழை திருத்தம் தாண்டிவிடும். தடத்தோடு சேர்ந்து வளைந்து ஓடும் கீறல் அடுத்தடுத்த பகுதிகளை ஒன்றாகத் தின்றுவிடும். டிவிடியில் பிழை திருத்தம் 16 பிரிவுகளை, அதாவது 32 கிலோபைட்டை, ஒரே கட்டாக வைத்துச் செய்யப்படுகிறது. அந்தக் கட்டு திருத்த முடியாத அளவுக்குச் சிதைந்தால் முழுக் கட்டும் போகும்.

பிறகு, சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, லினக்ஸில் இயங்கும் டிடி ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். சாதாரண நகலெடுப்பு முதல் பிழையிலேயே நின்றுவிடும். இந்த மென்பொருளோ படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பிவரும். அந்த வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேறொரு டிரைவில் அதே டிஸ்க்கைப் போட்டால், விடுபட்ட இடங்களை மட்டும் அந்த டிரைவ் முயலும். இரண்டு டிரைவ்களின் திறமை ஒரே கோப்பில் சேர்ந்துகொள்கிறது. வேகத்தையும் டிவிடியின் அடிப்படை வேகத்தைப்போல் 4 மடங்குக்கு, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 5.5 மெகாபைட்டுக்குக் குறைத்தேன். விளிம்பில் டிஸ்க் அதிராமல் சுழல்வதற்கு அது உதவுகிறது.

மேசைக் கணினி டிரைவ் விட்டுச் சென்றது ஏறத்தாழ 190 மெகாபைட். விழாவின் கணக்கில் அது ஐந்து நிமிடத்துக்கு மேல், ஏற்புரையின் பெரும்பகுதி. ஆசிரியையின் கூட்டுக்குள் உட்கார்ந்த மடிக்கணினி டிரைவ் அதை இரண்டு இரவுகளில் 6 மெகாபைட்டாகக் குறைத்தது. மீட்ட கோப்பை ஓட்டிப் பார்த்தபோது நான்கு இடங்களில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி ஓரிரு விநாடிகள் நின்றது. ஒலி இரண்டு இடங்களில் மட்டும் அறுந்தது. மற்றபடி ஏற்புரை முழுதாகக் கேட்கிறது.

லேசர் குறித்து எடுத்த முடிவு

இதற்கிடையில் மாணவர், பிரித்த லென்ஸ் தொகுதியிலிருந்த லேசர் டையோடை, அதாவது லேசர் ஒளியை உமிழும் சிறு பாகத்தை, எரியவைத்துத் தீக்குச்சி பற்றவைக்கலாம் என்று எங்கோ பார்த்துவிட்டு, அதற்கான சிறு மின்சுற்றை ஒரு நாள் மதியம் மேசையில் கட்டிக்கொண்டிருந்தார். நான் அதை நிறுத்தினேன். என் கடையில் வேலை பழகுபவரின் ஆர்வத்தை அப்படி நேராகத் தடுத்தது அரிது என்பதால் காரணத்தை அவரிடம் விரிவாகவே சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

மூடிய நிலையில் டிவிடி டிரைவ் முதல் வகுப்பு லேசர் பொருள். அதாவது பயன்படுத்துபவருக்கு ஆபத்தில்லாதது. கூட்டைப் பிரித்து டையோடைத் தனியே எரித்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. கண்ணால் காணும் லேசரில், இமைத்துக்கொள்வதே போதுமான பாதுகாப்பு என்று கருதப்படும் இரண்டாம் வகுப்பின் வரம்பு 1 மில்லிவாட். டிவிடி எழுதும் டையோடின் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி அதைப்போல் நூறு மடங்கைத் தாண்டக்கூடியது. அதே தொகுதியில் சிடிக்கான 780 நானோமீட்டர் டையோடும் இருக்கிறது. அதன் ஒளி அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, எனவே இமைக்கவும் தோன்றாது. கண்ணின் லென்ஸ் அந்த ஒளியை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. காயம் பட்டது பார்வை போன பிறகே தெரியும். மேசையிலிருக்கும் திருப்புளியின் பளபளப்பில் பட்டுத் திரும்பும் ஒளிகூட இதற்குப் போதும். குளிர்கண்ணாடி எதுவும் இதைத் தடுக்காது. அந்தந்த அலைநீளத்துக்கென்றே செய்யப்பட்ட கண்ணாடி வேண்டும், அது எங்களிடம் இல்லை.

மாணவர் முதலில் மனம் சுணங்கினார். "டிரைவ் ஓடும்போது உள்ள அதே லேசர்தானேண்ணே எரியுது, அது ஒண்ணும் பண்ணலையே" என்றார். நியாயமான கேள்வி. மூடிக்குள் எரிவதையும் மேசையில் எரிவதையும் வேறுபடுத்துவது அந்த மூடி ஒன்றுதான் என்று சொன்னேன். டையோடுகள் இரண்டையும் தொகுதியோடு சேர்த்தே ஒரு தகர டப்பாவில் போட்டு, லேசர் என்று மேலே எழுதி, மின்கழிவோடு அனுப்ப ஒதுக்கினோம்.

மோட்டாரும் கோலமும்

பயன்பட்ட பாகங்களில் முதன்மையானது லென்ஸ் தொகுதியை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார். நான்கு கம்பிகள், மல்டிமீட்டரில் இரண்டிரண்டாகத் தொடர்பு காட்டும் இணைகளே இரு சுருள்கள். இதில் ஒவ்வொன்றும் 10 ஓம் அளவு காட்டியது. இவ்வகை மோட்டார்களில் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 20 படிகள். திருகுத் தண்டின் மரை இடைவெளி 3 மி.மீ.; எனவே ஒரு படிக்கு நகர்வு 0.15 மி.மீ. மேசைக் கணினி டிரைவிலிருந்து எடுத்ததில் இந்தக் கணக்கு சரியாக இருந்தது. மெல்லிய டிரைவின் மோட்டாரில் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், 100 படிகள் ஓட்டி அளவுகோலால் அளந்து எண்ணைத் திருத்திக்கொள்ளச் சொன்னேன். அவர் அளந்தபோது இரண்டு அச்சுகளும் ஒத்துப்போகவில்லை. திருத்தாமல் விட்டிருந்தால் வட்டம் முட்டை வடிவில் வந்திருக்கும்.

நகரும் தூரம் 35 மி.மீ. அளவே. டிவிடியில் பதிவுப் பகுதி மையத்திலிருந்து 24 மி.மீ. ஆரத்தில் தொடங்கி 58 மி.மீ. ஆரத்தில் முடிகிறது, லென்ஸ் அதற்கு மேல் நகரத் தேவையே இல்லை. ஆகவே எத்தனை டிரைவ்களைப் பிரித்தாலும் இந்த வழியில் செய்யும் இயந்திரம் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குத்தான் வரையும். மாணவர் முதலில் ஒன்பது புள்ளிக் கோலம் திட்டமிட்டிருந்தார். ஐந்து புள்ளிக்குக் குறைத்தார். மோட்டார்களை, நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு போர்டும் மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் எல் 293 டி ஐசியும் ஓட்டுகின்றன. ஒரு வழிக்கு 600 மில்லிஆம்பியர் வரை தாங்கும் அந்த ஐசி, இவ்வளவு சிறிய மோட்டாருக்குப் போதுமானது. ஆனாலும் தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடேறுகிறது. பேனா தூக்கும் நேரங்களில் மின்சாரத்தை நிறுத்தும்படி நிரலை மாற்றினார். உருவிய எஃகுத் தண்டுகளும் அதே இயந்திரத்தில் வழித்தடமாக அமைந்தன. காந்தங்கள் கடையில் திருகுகள் ஒட்டிவைக்கப் பயன்படுகின்றன. சுழல் மோட்டாரை எடுத்துவைத்தோம். அதை ஓட்டத் தனி மின்சுற்று வேண்டும், இன்னும் செய்யவில்லை.

ஆவணி முதல் வாரத்தில் இயந்திரம் முதல் கோலத்தை வரைந்தது. கோடுகள் நடுங்காமல் இருந்தன. கல்லூரியில் திட்டம் ஏற்கப்பட்டது.

ஆசிரியையிடம் தெரிவித்தது

டிஸ்க்குகளை வாங்க அவர் வந்தபோது நடந்ததை மறைக்காமல் சொன்னேன்: டிரைவ் பழுதில்லை, கேபிள்தான் காரணம், சோதிக்காமல் பிரித்துவிட்டோம் என்று. வேறு டிரைவ் பொருத்திய அவருடைய கூட்டையும் இரட்டை முனைக் கேபிளையும் கொடுத்து, கூலி எதுவும் வாங்கவில்லை. பிரித்தெடுத்த மோட்டாரை மாணவரின் திட்டத்தில் பயன்படுத்த அனுமதியும் கேட்டேன்; பொருளை அவர் கொடுத்தது பழுது என்று நம்பித்தான் என்பதால் முந்தைய அனுமதி செல்லாது என்று எனக்குப் பட்டது. அவர் அனுமதித்தார். பிறகு, "நான்தான் தெரியாமச் சொன்னேன். நீங்க ஒரு தடவை கேபிளை மாத்திப் பாத்திருக்கலாமே தம்பி" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அது ஒரு ஆசிரியை கேட்கும் கேள்வியாக இருந்தது. ஆமாம் என்று மட்டும் சொன்னேன். ஏற்புரையை அங்கேயே ஹெட்போனில் கடைசி வரை கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது மாற்றியிருப்பவை

வரவு நோட்டில் இப்போது இரண்டு பத்திகள் இருக்கின்றன: வாடிக்கையாளர் கண்ட அறிகுறி, நாங்கள் கண்ட அறிகுறி. இரண்டாவது பத்தி நிரம்பாமல் எந்தப் பொருளின் மீதும் திருப்புளி படுவதில்லை. வெளிப்புற டிரைவ் என்றால் முதலில் இரட்டை முனைக் கேபிள், அடுத்து மின்சாரம் தனியே வரும் யூ.எஸ்.பி. ஹப், அதற்கும் அடுத்தே கூட்டைத் திறப்பது. திறந்தபின் டிரைவையும் போர்டையும் நல்லதென்று தெரிந்த இணையோடு மாற்றி மாற்றிச் சோதிப்பது. இத்தனைக்கும் ஆகும் நேரம் இருபது நிமிடம். நூறு ரூபாய்க் கேபிளின் குறையை அந்த இருபது நிமிடம் காட்டிக்கொடுத்திருக்கும்.

உதிரிக்கென்று கொடுக்கப்பட்ட பொருளையும், அதனோடு வந்த வேலை முடிந்து வாடிக்கையாளர் வாங்கிச் செல்லும் வரை பிரிப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். டிஸ்க்கும் டிரைவும் சேர்ந்து வந்தால் எல்லா டிஸ்க்கையும் படித்து முடித்தபின்தான் டிரைவைப் பற்றிய பேச்சு. பிரிக்கும்போதும், திரும்பச் சேர்க்கப் போகிறோம் என்ற கணக்கிலேயே பிரிக்கும்படி மாணவரிடம் சொல்லியிருக்கிறேன். கேபிள் தாழ்ப்பாளைத் தூக்கும் பொறுமை உதிரிப் பொருளிடத்தில் பழகாவிட்டால் நல்ல பொருளிடத்தில் வராது. முதன்மைப் போர்டு, தகடு, லேசர் டப்பா ஆகியவற்றை 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கிறோம். அந்த விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கிலோ கணக்கில் கூடுதல் விலை தருவதாகச் சொல்லிக் கேபிளைத் தெருவோரத்தில் எரித்துச் செம்பு எடுப்பவர்களுக்குக் கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

மீதமுள்ள அந்த 6 மெகாபைட்டுக்கான வரைபடக் கோப்பும் இதுவரை மீட்ட நகலும் கடைக் கணினியில் இருக்கின்றன. டிஸ்க் ஆசிரியையிடம், வெயில் படாத பீரோவில் இருக்கிறது. வேறு தயாரிப்பு டிரைவ் ஏதாவது கடைக்கு வந்தால் தொலைபேசியில் சொல்வதாகவும், அவர் டிஸ்க்கைக் கொண்டுவந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றும் பேசி வைத்திருக்கிறோம்.